திருகோணமலைக் குன்றுகளில் சிறு போல்டரிங் களம் ஒன்றைத் தேடித் திறப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கயிறு கட்டாமல், கீழே தடித்த மெத்தை விரித்து, மூன்று நான்கு மீற்றர் உயரப் பாறைகளில் ஏறும் விளையாட்டுத்தான் போல்டரிங். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பாறையேற்றம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது அதன் ஒரு பிரிவாக இதுவும் இருந்தது. திருகோணமலை மாவட்டத்தின் உட்பகுதியில், காட்டுக்கும் வயலுக்கும் குளத்துக்கும் நடுவே எழும் சிறு குன்றுகளின் அடிவாரத்தில் இதற்கு ஏற்ற உருண்டைப் பாறைகள் கிடக்கின்றன. ஆனால் கையில் வழிகாட்டி நூலோடு போய் ஏறிவிட்டு வரும் இடங்கள் அல்ல அவை. பாறையைக் கண்டுபிடிப்பது முதல் இறங்கும் வழியைக் குறிப்பதுவரை எல்லாம் ஏறப் போகிறவரே செய்யவேண்டும்.

உயரமான பாறை இருந்தால் நல்ல களம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. விழுந்தால் தாங்கும் சமதரை, உச்சியிலிருந்து நடந்து இறங்க ஒரு வழி, ஏறும் நேரத்தில் நிழல், நிலத்துக்கு உரியவரின் சம்மதம் ஆகிய நான்கும் இருந்தால் இரண்டரை மீற்றர்ப் பாறையும் நல்ல பாறைதான். நான்கில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பாறையை விட்டுவிட வேண்டும். 200 மீற்றர் சுற்றளவுக்குள் இப்படி ஐந்தாறு பாறைகள் அகப்பட்டால், பதினைந்து இருபது ஏறுகோடுகள், அதாவது பாறையில் ஏறும் வழிகள், கொண்ட ஒரு சிறு களம் தேறும்.

முதலில் விலக்கவேண்டிய இடங்கள்

தேடத் தொடங்குமுன் எங்கே தேடக்கூடாது என்பதை வரைபடத்தில் அடித்துவிடுங்கள். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலை வழிபாட்டிடம். அங்கே பாறையில் கைவைக்கும் எண்ணமே வேண்டாம். கன்னியா வெந்நீரூற்றைச் சூழ்ந்த பகுதி, திரியாய்க் குன்று, குச்சவெளிக் கடலோரப் பாறையின் இடிபாடுகள் எல்லாம் வழிபாட்டோடும் தொல்பொருளோடும் பிணைந்தவை. புறாத்தீவு 2003இலிருந்து தேசிய பூங்கா.

பெயர் தெரியாத குன்றுகளிலும் இதே கவனம் தேவை. இந்த மாவட்டத்தில் காட்டுக்குள் கிடக்கும் சாதாரணப் பாறைக்கும் வரலாறு இருக்கக்கூடும். பாறைக்குகையின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாதபடி குறுக்காக வெட்டிய நீர்வடி விளிம்பு தெரிகிறதா என்று பாருங்கள். அதன் கீழே பிராமி எழுத்துகள் இருக்கலாம். படிக்கட்டுபோல் வரிசையாக வெட்டிய பள்ளங்கள், சதுரமான தூண்குழிகள், சிதறிய செங்கல் துண்டுகள், சூலம் நட்ட மேடை, எண்ணெய் பூசிய கல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அந்தப் பாறைத் தொகுதியையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இவற்றைச் சேதப்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, இங்கே வழிபாட்டிடங்களையும் தொல்லியல் இடங்களையும் சுற்றி மக்கள் மனத்தில் ஆறாத வலிகள் உண்டு. பொழுதுபோக்குக்காக ஏறுபவர்கள் அதில் இன்னொன்றைச் சேர்க்கக்கூடாது.

வீட்டிலிருந்து செய்யும் வேலை

செய்மதிப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். காட்டின் பச்சைக்குள் சாம்பலும் கறுப்பும் கலந்த திட்டுகள்தான் பாறை. முழுக்க வழுக்கையான ஒரே பெரிய திட்டு என்றால் அது மொட்டைப்பாறை. ஏறுவதற்கு அங்கே அதிகம் கிடைக்காது. அந்தத் திட்டின் ஓரத்தில், சரிவு முடிந்து காடு தொடங்கும் எல்லையில், நிழலோடு கூடிய சிறு புள்ளிகள் தெரிந்தால் அவை மேலிருந்து பிரிந்து உருண்ட பாறைகள். அங்கேதான் போகவேண்டும். காலையில் எடுத்த படமானால் நிழல் மேற்கே விழுந்திருக்கும். நிழலின் நீளத்தை அருகிலுள்ள மரத்தின் நிழலோடு ஒப்பிட்டால் பாறையின் உயரம் ஓரளவு பிடிபடும்.

நிலஅளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் சமவுயரக் கோடுகள், குளங்கள், வண்டிப்பாதைகள், காட்டெல்லைகள் எல்லாம் இருக்கும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, பாதையிலிருந்து அரை மணி நடைக்குள் இருக்கும் திட்டுகளை மட்டும் குறியுங்கள். மெத்தையோடும் தண்ணீரோடும் அதற்கு மேல் நடந்தால் ஏறுவதற்குக் கையில் பலம் மிஞ்சாது. குறித்த இடங்களை இணையம் இல்லாமலும் திறக்கும் வரைபடச் செயலியில் சேமியுங்கள். குன்றுகளின் மறுபக்கத்தில் கைத்தொலைபேசிச் சமிக்ஞை பல இடங்களில் அறுந்துவிடும். ட்ரோன் பறக்கவிட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். கடற்படைத் தளமும் சீனக்குடா விமானத் தளமும் உள்ள ஊர் இது. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் ட்ரோனை வெளியே எடுக்கவே வேண்டாம்.

யாரிடம் கேட்பது

முதலில் கிராம அலுவலர். நிலம் தனியாருடையதா, வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஒதுக்குக் காடா, வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு உட்பட்டதா, கல் உடைக்க அனுமதி கொடுத்த இடமா என்பது அவருக்குத் தெரியும், அல்லது பிரதேச செயலகத்தில் யாரைக் கேட்கவேண்டும் என்று சொல்வார். ஒதுக்குக் காட்டுக்குள் என்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்ச்சொல் அடுத்த முறை வேறொரு உத்தியோகத்தர் வரும்போது நிற்காது.

அவரிடமே கேட்கவேண்டிய இரண்டாவது கேள்வி மிதிவெடி பற்றியது. போர் நடந்த மாவட்டம் இது. வெடி அகற்றிய இடம் எது, மக்கள் நாளாந்தம் விறகுக்கும் மாட்டுக்கும் போய்வரும் இடம் எது என்று கேட்டுத் தெரிந்த பின்பே காலடி வைக்கவேண்டும். மாட்டுத் தடமும் ஆள் தடமும் உள்ள ஒற்றையடிப் பாதைதான் உங்கள் பாதை. சிவப்பு மண்டையோட்டுப் பலகையோ சிவப்புப் பூசிய தடிகளோ கண்டால் அத்தோடு நின்று, வந்த தடத்திலேயே திரும்புங்கள். துருப்பிடித்த உலோகப் பொருள் எதையும் தொடாமல் 119க்கு அறிவியுங்கள்.

மூன்றாவதாக, அந்தப் பக்கம் மாடு மேய்ப்பவரிடமோ தேன் எடுக்கப் போகிறவரிடமோ கதையுங்கள். யானை எந்தப் பக்கத்தால் குளத்துக்கு இறங்கும், எந்தப் பாறையில் தேன் தொங்குகிறது, எந்தக் குகைக்குள் கரடி படுக்கும் என்பதை அவர்களைப்போல் சொல்லக்கூடியவர் வேறு இல்லை. முதல் பயணத்துக்கு அவர்களில் ஒருவரை நாள்கூலி கொடுத்துக் கூட்டிப்போவதுதான் இந்த வேலையில் செய்யும் மிக நல்ல செலவு.

காலமும் வெயிலும்

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மாரிமழை. பாறை நனைந்து பாசி பிடித்திருக்கும், காட்டுப்பாதை சேறாகும், ஓடைகள் பெருகும். பெப்ரவரி, மார்ச் மாதங்கள்தான் சிறந்தவை. மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும். மலைநாட்டைத் தாண்டி இறங்கும் அந்தக் காற்று சூடும் வறட்சியும் கொண்டது. பாறை நன்றாகக் காய்ந்திருக்கும், ஆனால் காலை ஒன்பதரைக்குப் பிறகு பாறையின் வெயில் பட்ட பக்கத்தில், அதாவது முகத்தில், கைவைக்க முடியாது.

நிழலைப் பற்றி ஐரோப்பிய நூல்கள் சொல்வதை அப்படியே எடுத்தால் இங்கே ஏமாறுவீர்கள். வடக்குப் பார்த்த முகம் எப்போதும் நிழல் என்பது அவர்களின் கணக்கு. திருகோணமலை ஏறத்தாழ 8.6 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் தலைக்கு நேரே வந்து, அதன்பின் ஓகஸ்ட் கடைசிவரை நண்பகலில் நமக்கு வடக்கே நிற்கும். ஆகவே மே, ஜூன், ஜூலையில் செங்குத்தான தெற்கு முகம் நாள் முழுவதும் நிழலில் இருக்கும். வடக்கு முகம் காயும். செப்டெம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதிவரை இது தலைகீழ்: வடக்கு முகத்தில் நிழல். அதனால் ஒவ்வொரு பாறைக்கும் திசைகாட்டி வைத்து முகத்தின் திசையை எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு குறிப்பு இருந்தால் எந்த மாதம் எந்தப் பாறைக்குப் போவது என்ற கேள்வி தீர்ந்துவிடும். சரிந்த பாறைகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அவை எப்போதும் வெயில் வாங்கும்.

அதிகாலை குளிர்ச்சி ஏறுவதற்கு நல்லது. அதே நேரம் யானை குளத்திலிருந்து காட்டுக்குத் திரும்பும் நேரமும் அதுதான். மொறவெவ, கோமரங்கடவல, கந்தளாய் பக்கங்களில் இதை விளையாட்டாக எடுக்கக்கூடாது. நன்றாக விடிந்து, தடம் பார்க்க வெளிச்சம் வந்த பின்பு காட்டுக்குள் நுழையுங்கள். மாலை நான்கரைக்குள் வெளியே வந்துவிடுங்கள். ஆவி பறக்கும் சாணமோ புதிதாக முறித்த கிளையோ கண்டால் அன்றைய நாள் முடிந்தது.

முதல் நாள்: ஏறாமல் பார்ப்பது

முதல் பயணத்தில் ஏறும் சப்பாத்தைக் கொண்டுபோகாதீர்கள். கையில் இருந்தால் ஆசை வந்துவிடும். குறைந்தது மூன்று பேர். ஆளுக்கு நான்கு லீற்றர் தண்ணீர், நீளக் காற்சட்டை, கணுக்கால் மூடிய சப்பாத்து, காட்டுக்கத்தி, 30 மீற்றர் நாடா, திசைகாட்டி, டோர்ச், குறிப்புப் புத்தகம். சூரை முள்ளும் காஞ்சோண்டியும் பாறையடியில்தான் அடர்ந்து நிற்கும். கையுறை உதவும்.

பாறையை நெருங்கும்போது சத்தமாகப் பேசிக்கொண்டு போங்கள். வறண்ட வலயக் கரடி பகலில் பாறைக்குகைகளில் படுத்திருக்கும்; திடீரென்று முன்னால் போய் நிற்பதுதான் ஆபத்து. பிளந்த கறையான் புற்று, விதைகள் நிறைந்த எச்சம் இரண்டும் அது நடமாடும் அடையாளங்கள். பாலைப்பழம் பழுக்கும் மாதங்களில் பாலை மரங்களுக்கு அருகிலுள்ள பாறைகளைத் தவிர்த்துவிடுங்கள். குகைவாயில், பாறை இடுக்கு, சருகுக் குவியல் எதிலும் டோர்ச் அடித்துப் பார்க்காமல் கையோ காலோ வைக்கக்கூடாது. நாகமும் விரியனும் அங்கேதான் சுருண்டிருக்கும்.

தலைக்கு மேலே பாருங்கள். கவிந்த பாறையின் அடியில் அரைவட்டமாகத் தொங்கும் மலைத்தேன் கூடு இருந்தால் அந்தப் பாறை மட்டுமல்ல, சுற்றிலும் நூறு மீற்றரை விட்டுவிடுங்கள். கூடு வெறுமையாக இருந்தாலும் மெழுகுத் தழும்பு தெரிந்தால் அந்த இடத்தைக் குறித்து வையுங்கள். தேனீ அதே இடத்துக்குத் திரும்பி வரும்.

இதெல்லாம் சரி என்றால் பாறையை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். முதலில் தேடவேண்டியது ஏறும் முகத்தை அல்ல, இறங்கும் வழியை. முதுகுப்பக்கத்தில் சரிவோ, பக்கத்துப் பாறைக்குக் கால் எட்டும் இடமோ, உறுதியான மரமோ இருக்கவேண்டும். ஏறிய வழியாலேயே இறங்கலாம் என்று நினைப்பவர்கள் உச்சியில் மாட்டிக்கொள்வது வழக்கம். ஏறும்போது கண்ணுக்கு முன்னால் இருந்த மிதி, இறங்கும்போது வயிற்றுக்குக் கீழே மறைந்துவிடும். பிறகு குதிப்பார்கள், கணுக்கால் போகும்.

அடுத்தது நிலை. பாறை எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? பாதி மண்ணுக்குள் புதைந்திருந்தால் நல்லது. சரிவில் இரண்டு சிறு கற்கள் தாங்க நின்றால், எவ்வளவு அழகான முகமாக இருந்தாலும் தொடவேண்டாம். அடிப்பகுதியில் புது மண் தெரிகிறதா, ஒருபக்கம் வெடிப்பு விட்டிருக்கிறதா, மாரிநீர் அரித்த குழி உண்டா என்று குனிந்து பாருங்கள். ஆளுயரத்துக்கும் குறைந்த பாறைகளை மேற்பக்கத்தில் நின்று இரண்டு பேர் தள்ளிப் பார்க்கலாம். அசைந்தால் அது களத்தில் சேராது. கீழ்ப்பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை.

பாறையின் சுபாவம்

இலங்கையின் உயர்நிலத் தொகுதி தென்மேற்கிலிருந்து மத்திய மலைநாட்டினூடாகத் திருகோணமலைவரை நீள்கிறது. சுமார் 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறைகள் இவை: நைஸ், சார்னோக்கைட், குவார்ட்சைட். ஏறுபவருக்கு இந்தப் பெயர்கள் ஏன் தேவையென்றால், ஒவ்வொன்றிலும் பிடி வேறு விதமாக உடையும்.

நைஸில் வெள்ளையும் கறுப்புமாக வரிகள் ஓடும். வரி கிடையாக ஓடினால் விளிம்புப் பிடிகள் நிறையக் கிடைக்கும். செங்குத்தாக ஓடினால் பக்கவாட்டில் இழுக்கும் பிடிகள்தான். மைக்கா மினுங்கும் கருவரியை ஒட்டியிருக்கும் தகடுகளைச் சந்தேகத்தோடு பாருங்கள். பாறை பிரிவது அந்த வரியில்தான். குவார்ட்சைட் கண்ணாடிபோல் வழுவழுப்பானது, விளிம்பு கூரானது. பிடி உறுதி, தோல் கிழியும், மிதியில் கால் வழுக்கும்.

உருண்டைப் பாறைகளின் பொதுக்குறை ஒன்று உண்டு. வெயிலும் மழையும் மாறிமாறிப் பட்டு மேற்பரப்பு வெங்காயச் சருகுபோல் அடுக்கடுக்காகப் பிரியும். இதைக் கண்டுபிடிக்கக் காதுதான் கருவி. கையளவு கூழாங்கல்லை எடுத்து முகம் முழுவதும் ஒரு சாண் இடைவெளியில் மெதுவாகத் தட்டுங்கள். உறுதியான பாறை சுருக்கமாக, உயர்ந்த ஒலியில் பதில் தரும். பிரிந்த தகடு மந்தமாக, உள்ளே வெற்றிடம் உள்ளதுபோல் ஒலிக்கும். மந்த ஒலி தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் சோக்கால் புள்ளி வைத்து இணைத்தால் தகட்டின் முழு உருவம் கிடைக்கும். உள்ளங்கை அளவென்றால், கீழே யாரும் இல்லாதபோது கையால் இழுத்து அகற்றிவிடலாம். அதைவிடப் பெரிதென்றால் தொடாமல் அந்தக் கோட்டை விட்டுவிடுங்கள். நெம்புகோலால் பெயர்ப்பது பாறையைக் கெடுக்கும், பெயர்ப்பவரின் காலையும் கெடுக்கும்.

நிலாவெளி, குச்சவெளிப் பக்கக் கடற்கரைப் பாறைகள் பார்வைக்கு இன்னும் கவர்ச்சியானவை. உப்புக்காற்று பாறைக்குள் புகுந்து, உப்புப் படிகம் வளர்ந்து, மணிமணியாக உதிரவைக்கும். அங்கே தெரியும் தேன்கூட்டு வடிவப் பொந்துகள் அப்படி உண்டானவை. பெரிய பிடிபோல் தெரியும், உட்சுவர் விரலோடு வந்துவிடும். காலையில் உப்பு ஈரத்தை இழுத்து வழுக்கவும் செய்யும். புதிதாகத் தொடங்குபவர்கள் உள்நாட்டுக் குன்றுகளையே தெரிவு செய்யுங்கள்.

கறுத்த நீர்த்தாரைகள் காய்ந்திருக்கும்போது சொரசொரப்பாக இருக்கும், ஒரு துளி ஈரம் பட்டால் சோப்பாகிவிடும். மழை பெய்து இரண்டு நாள் வெயில் காய்ந்த பிறகே அந்தக் கோடுகளில் ஏறுங்கள்.

துப்புரவு

உச்சியிலிருந்து தொடங்குங்கள். கடைசி அசைவு பாறையின் விளிம்பில் கையூன்றி உடலை மேலேற்றுவது. அந்த இடத்தில் சருகும் மண்ணும் உருளும் மணலும் இருந்தால் மூன்றரை மீற்றர் உயரத்தில் கை வழுக்கும். முதுகுப்பக்கத்தால் ஏறி, உச்சியில் விளிம்பிலிருந்து ஒரு மீற்றர் அகலத்துக்கு மட்டும் பெருக்குங்கள். எட்டாத முகத்துக்கு, பின்னாலுள்ள தொடையளவு பருமனான உயிருள்ள மரத்தில் நீளாத வகைக் கயிறு கட்டி, இடுப்பு வார் அணிந்து இறங்கிச் செய்யவேண்டும். அந்த வேலை பழகாதவர் குறைந்த உயரப் பாறைகளோடு நின்றுகொள்ளட்டும்.

தும்புத் தூரிகை பெரிய பரப்புக்கு, பழைய பல்தூரிகை சிறு பிடிகளுக்கு. கம்பித் தூரிகை வேண்டாம். பாறையின் கெட்டியான மேற்தோலைச் சுரண்டி, கீழிருக்கும் மிருதுவான பகுதியை வெளியே கொண்டுவந்துவிடும். உளி, சீமெந்து, நிறப்பூச்சு எதுவும் கூடாது. பாறைப்பூஞ்சையை முகம் முழுதும் தேய்க்காமல், கையும் காலும் படும் இடங்களில் மட்டும் எடுங்கள். அடிவாரத்தில் முட்செடியை வெட்டலாம். பாலை, வீரை, முதிரைக் கன்றுகளில் கைவைக்கவேண்டாம்.

மெத்தை

பாறையேற்ற மெத்தையை இங்கே கடையில் எடுப்பது கடினம். வெளியூரிலிருந்து வரவழைத்தால் மெத்தையைவிட அனுப்பும் கூலி அதிகமாகும். பஸ், ஓட்டோ ஆசனம் தைக்கும் குஷன் கடையில் செய்வித்துவிடலாம். அளவு: 120 சென்ரிமீற்றர் நீளம், 100 அகலம், மொத்தத் தடிப்பு 12. மேலே 2 சென்ரிமீற்றர் கெட்டியான ஈ.வி.ஏ பாய், உடற்பயிற்சிக் கூடத் தரையில் விரிக்கும் வகை. கீழே 10 சென்ரிமீற்றர் அடர்த்தியான பொலியூரித்தேன் பஞ்சு, கன மீற்றருக்கு 30 கிலோ அளவில். இந்த அளவில் மொத்தம் ஏறத்தாழ 7 கிலோ வரும். ஒருவர் முதுகில் சுமக்கலாம்.

கெட்டி மேலே, மிருது கீழே என்ற ஒழுங்கை மாற்றக்கூடாது. மேலுள்ள கெட்டிப் பாய் காலடியின் அடியைப் பரப்பிவிடும், கீழுள்ள பஞ்சு அமிழ்ந்து வாங்கும். தலைகீழாகத் தைத்தால் பாதம் பஞ்சுக்குள் புதைந்து கணுக்கால் திரும்பும். வாங்குமுன் பஞ்சின்மேல் ஒரு முழங்காலை ஊன்றி முழுப்பாரத்தையும் போடுங்கள். தரை முழங்காலில் தட்டினால் அது வீட்டு மெத்தைக்கான பஞ்சு, இதற்கு உதவாது. உறைக்குக் கெட்டி நைலோன் அல்லது ரெக்சின், இரட்டைத் தையல். பக்கவாட்டில் ஆறு எட்டு காற்றோட்டக் கண்கள் அடிக்கச் சொல்ல மறக்கவேண்டாம். குஷன் கடைக்காரர் இதைத் தாமாகச் செய்யமாட்டார். கண் இல்லாவிட்டால் விழும்போது காற்று வெளியேற வழியின்றி நாலாவது நாளே தையல் பிரியும்.

நடுவில் மடிக்கும் வகை தூக்க வசதி, ஆனால் மடிப்பில் கால் விழுந்தால் நேராகத் தரைதான். இரண்டு மெத்தை இருந்தால் மடிப்புகள் ஒரே கோட்டில் வராதபடி போடுங்கள். விரிக்குமுன் தரையில் கூர்க்கல்லையும் வேரடியையும் பாருங்கள். பள்ளங்களில் சருகைத் திணித்து மட்டப்படுத்துங்கள். மெத்தையின் ஓரம் பாதி கல்லில், பாதி வெறுந்தரையில் என்று தொங்கக்கூடாது. இரண்டு மெத்தையாலும் மூடமுடியாத கல் விழும் இடத்தில் இருந்தால் அந்தக் கோட்டில் ஏறவேண்டாம்.

ஏறுதல்

மூன்று மீற்றர் உயரத்திலிருந்து கால் விழுந்தால் தரையைத் தொடும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீற்றர். நான்கு மீற்றரானால் 32. முதல் பருவத்தில் உச்சிப்பிடி மூன்றரை மீற்றருக்கு மேற்படாத பாறைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏறும் சப்பாத்து விரல்களை இறுக்கவேண்டும், வலிக்கக்கூடாது. கைக்குப் போடும் சோக், மகனீசியம் காபனேற்றுத் தூள். கரும்பலகைச் சோக்கோ முகப்பவுடரோ ஈரத்தை வாங்காது, வழுக்கவைக்கும். கடலோர ஈரப்பதத்தில் அற்ககோல் கலந்த திரவச் சோக் முதலில், அதன்மேல் தூள் என்று போட்டால் நின்று பிடிக்கும்.

பதினைந்து நிமிடம் உடலைச் சூடாக்கி, பாறையின் அடியில் தரையோடு ஒட்டிப் பக்கவாட்டாக நகர்ந்து விரல்களைப் பழக்குங்கள். புதுப் பாறையில் முதல் ஏற்றம் எப்போதும் மிக எளிதான கோட்டில். உச்சிக்குப் போய், தெரிவு செய்த வழியால் இறங்கிப் பாருங்கள். பிறகுதான் கடினமானவை. ஒவ்வொரு பிடியையும் முதலில் கீழ்நோக்கி, பின் சற்று வெளிநோக்கி மெதுவாக இழுத்து, அதன்பின்பே பாரம் கொடுக்கவேண்டும். குதித்துப் பிடிக்கும் அசைவுகள் முன்பே சோதித்த பிடிகளுக்கு மட்டும்.

சிறு விளிம்புகளில் விரலை முழுதாக மடித்துப் பெருவிரலால் பூட்டும் பிடியைக் குறைத்துக்கொள்ளுங்கள். மோதிர விரலின் அடியில் தசைநாரைத் தாங்கும் வளையம் அதில்தான் கிழியும். ‘டக்’ என்று ஒலி கேட்டால் அன்றோடு ஏற்றம் நிற்கவேண்டும், பல வாரங்கள் ஓய்வு. விளிம்பில் ஏறி உச்சிக்குப் போகும் அசைவில் தொடக்கநிலையினர் தடுமாறுவார்கள். கைகளால் இழுத்துக்கொண்டே போகாமல், ஒரு உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பி ஊன்றி, குதிகாலை விளிம்பில் உயர்த்தி வைத்து, நெஞ்சை முன்னே சாய்த்தால் உடல் தானாக மேலே வரும்.

விழும்போது முழங்கால் மடிந்து, இரண்டு பாதமும் தோளகலத்தில் இறங்கி, முதுகுப்பக்கம் உருளவேண்டும். கைகள் நெஞ்சோடு. பின்னால் கையூன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ முறியும். கீழே நிற்பவர் ஏறுபவரைக் கையில் ஏந்தப் பார்க்கக்கூடாது. விரல்களைச் சேர்த்துக் கைகளை உயர்த்தி, இடுப்பையும் அக்குளையும் மெத்தைப் பக்கம் தள்ளிவிடுவதுதான் அவர் வேலை. தலை கல்லில் படாதபடி பார்ப்பது முதற்கடமை.

ஏதும் நடந்தால்

கணுக்கால் வீங்கினால் சப்பாத்தைக் கழற்றாமல் இறுக்கிக் கட்டி, இரண்டு பேர் தோள்கொடுத்து வெளியே கொண்டுவாருங்கள். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் தடி வைத்துத் தாங்கி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். விஷமுறிவு மருந்து வைத்தியசாலையில்தான் உண்டு. சுவசரிய அம்புலன்ஸ் எண் 1990. அம்புலன்ஸ் வரக்கூடிய கடைசிச் சந்தியின் பெயரை, காட்டுக்குள் போகுமுன்பே எல்லோரும் மனனம் செய்திருக்கவேண்டும். பதற்றத்தில் அந்தப் பெயர்தான் வாயில் வராது. கந்தளாய், கிண்ணியா, மூதூர், புல்மோட்டை வைத்தியசாலைகளில் எது அருகில் என்பதையும் வரைபடத்தில் குறியுங்கள்.

தேனீ கலைந்தால் கையை வீசாமல் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நிற்காமல் ஓடவேண்டும், பாறைப் பக்கம் அல்லாமல் அடர்ந்த மரங்களுக்குள். வெயிலில் தலைசுற்றி வியர்வை நின்றால் அது ஆபத்து. நிழலில் கிடத்தி உடலை நனைத்து விசிறுங்கள், 1990ஐ அழையுங்கள். நினைவோடு இருந்தால் மட்டும் ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைத் தூளைக் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். வீடு திரும்பியதும் அக்குள், இடுப்பு, காதின் பின்புறம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

பதிவு

ஒவ்வொரு பாறைக்கும் ஒரு பக்கம்: ஜி.பி.எஸ் புள்ளி, முகத்தின் திசை, நாடாவால் அளந்த உயரம், இறங்கும் வழி, தேவையான மெத்தை எண்ணிக்கை, தட்டியபோது மந்தமாக ஒலித்த இடங்கள். நேர் எதிரே நின்று எடுத்த படத்தில் ஏறுகோட்டை வரைந்து, தொடக்கப் பிடிகள் இரண்டையும் வட்டமிடுங்கள். நின்று தொடங்குவதா, உட்கார்ந்து தொடங்குவதா என்பதைக் குறிக்காவிட்டால் கடினத்தை ஒப்பிடவே முடியாது.

கடினத்தைக் குறிக்க இரண்டு அளவுகள் வழக்கில் உள்ளன. அமெரிக்க வி அளவில் வி0 என்பது பிரான்சின் ஃபொன்டன்புளோ அளவில் ஏறத்தாழ 4. வி3 அங்கே 6ஏ. வி6 அங்கே 7ஏ. முதலில் எளிது, நடுத்தரம், கடினம் என்று மட்டும் எழுதி, குறைந்தது மூன்று பேர் ஏறிய பின் எண் போடுங்கள். உயரம் குறைந்த ஒருவரும் அந்த மூவரில் இருக்கட்டும். வெயில் ஏறிய பாறையில் போட்ட எண்ணை நம்பவேண்டாம். அது எப்போதும் ஒரு படி கூடிவிடும்.

நிலத்துக்கு உரியவரும் கிராம அலுவலரும் ஒப்புக்கொள்ளும்வரை இடத்தின் புள்ளியை இணையத்தில் போடாதீர்கள். வாகனம் நிறுத்த எத்தனை இடம் உண்டோ, அந்த அளவு ஆட்களைத்தான் அந்த ஊர் தாங்கும். ஒவ்வொரு நாளும் கிளம்புமுன் சோக் அடையாளங்களைத் தூரிகையால் துடைத்து, பிளாஸ்டர்த் துண்டும் போத்தல் மூடியும் பொறுக்கி எடுங்கள்.

மாரி முடிந்து பெப்ரவரியில் மறுபடி போகும்போது பழைய பதிவை அப்படியே நம்பி ஏறக்கூடாது. அடிமண் அரிக்கப்பட்டதா, பாறை சாய்ந்ததா, விழும் இடத்தில் புதுக்கல் வந்து கிடக்கிறதா, கவிந்த முகங்களில் தேனோ குளவியோ கட்டியதா என்று சுற்றிப் பார்த்து, ஒவ்வொரு முகத்தையும் மறுபடி தட்டிக் கேட்டு, மந்த ஒலி பரவியிருந்தால் அந்தக் கோட்டைப் பதிவிலிருந்து நீக்கித் திகதி போட்டுவிடுங்கள்.